மடிந்தனவா, மறந்தனவா? இரண்டாம் வகை நீரிழிவில் பீட்டா செல்களின் நிலை

இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. போனவை போனவையே என்ற கருத்து மருத்துவத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இழப்பின் ஒரு பகுதி இறப்பன்று, தன் தொழிலை மறந்த செல்லின் மௌனம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் விவரித்த திட்டுகள், கணையத்தில் 1 முதல் 2 சதவீதமே. உடலுக்கு வேண்டிய இன்சுலின் முழுவதையும் அவற்றிலுள்ள பீட்டா செல்களே சுரக்கின்றன. ஆகவே அவற்றின் குறைவு சிறிதாயினும் பொருட்படுத்தத்தக்கது.

இறப்புக் கருத்துக்கு வலுவான சான்று பீட்டர் பட்லர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. பிரேதப் பரிசோதனையில் பெற்ற 124 கணையங்களை அவர்கள் ஒப்பிட்டனர். உடற்பருமனுள்ள நீரிழிவாளரிடம் பீட்டா செல்களின் கன அளவு, நீரிழிவற்ற பருமனானவர்களைவிட 63 சதவீதம் குறைந்திருந்தது. செல் இறப்பு மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தகைய அளவீட்டில் பீட்டா செல்லை அடையாளம் காட்டுவது இன்சுலினுக்கான சாயமே. இன்சுலினை இழந்துவிட்ட செல், உயிரோடிருந்தும் கணக்கில் விடுபடும்.

அந்த ஐயத்துக்கு விடை தந்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டொமினிகோ அக்கிலி குழுவினர் 2012-இல் வெளியிட்ட எலி ஆய்வு. பீட்டா செல்களுக்கு அழியாத மரபணு அடையாளமிட்டு, ஃபாக்ஸ்ஓ1 என்ற புரதத்தை அவற்றிலிருந்து நீக்கினர். வளர்சிதை அழுத்தம் நேர்ந்தபோது பல செல்கள் மடியவில்லை. இன்சுலின் உற்பத்தியைக் கைவிட்டு, முதிராச் செல்லின் இயல்புக்குத் திரும்பின.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா? நேரடி விடையன்று எனினும், ராய் டெய்லர் குழுவினர் நியூகாசிலில் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு தடயம் தருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவில் 8 வாரம் இருந்த 11 நீரிழிவாளரிடம், குளுக்கோஸ் ஏறியவுடன் எழும் முதற்கட்ட இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ இயல்புக்கு மீண்டது. மடிந்த செல்களின் இடத்தை 8 வாரத்தில் புதுச் செல்கள் நிரப்பியிருக்கும் என்பதைவிட, ஓய்ந்திருந்தவை விழித்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

எதிர்வாதமும் உண்டு. பின்னர் நடந்த டைரெக்ட் என்ற ஆய்வில், எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்தோருள் ஓராண்டில் தணிவு (மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழ் நிற்பது) கண்டோர் 46 சதவீதம்; ஏனையோர் காணவில்லை. எடை நன்கு குறைந்தும் தணிவு காணாதோரிடம் முதற்கட்டச் சுரப்பு மீளவில்லை. மீண்டவர்களின் நோய்க்காலமோ குறுகியது. இது என் வாதத்தைத் தகர்க்கவில்லை. அதற்கொரு கால எல்லையை வகுக்கிறது. மறதி நீடித்தால் மீட்சி அரிதாகிறது.

நமக்கு இது அவசரமான செய்தி. சென்னையில் நடந்த ஆய்வொன்று, ரத்தச் சர்க்கரை சற்றே உயர்ந்த கட்டத்திலேயே பீட்டா செல்களின் திறன் குன்றியிருப்பதைக் காட்டியது. எனவே சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதோடு சிகிச்சையின் கடமை முடிவதில்லை. நோய் தெரிந்த முதல் ஆண்டுகளிலேயே அச்செல்களின் சுமையைக் குறைப்பது, அவை மறந்த தொழிலுக்குத் திரும்ப நாம் தரக்கூடிய சிறந்த வாய்ப்பு.