பணம் கட்டாவிட்டாலும் சிகிச்சை... அப்போ பில்லை யார் கட்டுவது? ராஜஸ்தான் சுகாதார உரிமைச் சட்டத்தில் என்ன சிக்கல்?

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். கவுன்ட்டரில் வரும் முதல் கேள்வி: "அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று சொன்னது ராஜஸ்தான். சுகாதாரத்தை மக்களின் உரிமையாக அறிவித்து, அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுதான். அசோக் கெலாட் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சியில், 2023 மார்ச் 21-ம் தேதி மசோதா நிறைவேறியது. எதிர்ப்பும் உடனே வெடித்தது. ஜெய்ப்பூரில் ஊர்வலம் போன டாக்டர்கள் மீது போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தனியார் மருத்துவமனைகள் இரண்டு வாரத்துக்கு மேல் முடங்கின. மார்ச் 29-ம் தேதி அரசு டாக்டர்களும் ஒரு நாள் வேலையைப் புறக்கணித்தனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அவசர சிகிச்சை பற்றித்தான். விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி, அரசின் சுகாதார ஆணையம் முடிவு செய்யும் மற்ற அவசரங்கள் என எதுவானாலும், முன்பணம் கேட்காமல் தனியார் மருத்துவமனையும் சிகிச்சை தர வேண்டும். நோயாளியால் கட்ட முடியவில்லை என்றால் செலவை அரசு திருப்பித் தரும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 25,000 ரூபாய் வரை அபராதம்.

உண்மையில் இது புதிய கடமையே இல்லை. உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்குமே உண்டு என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செலவை யார் ஏற்பது என்பதுதான் மீதி இருந்த கேள்வி.

டாக்டர்களின் வாதம்

"அரசு தரும்னு சொல்றாங்க. எவ்வளவு தருவாங்க, எப்போ தருவாங்க?" என்பதுதான் அவர்கள் கேட்டது. அரசு காப்பீட்டுப் பணமே தாமதமாக வருகிறது என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. கண் மருத்துவமனைக்கு மாரடைப்பு நோயாளி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் விதிகளைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்பது வேறு, மசோதாவையே வாபஸ் வாங்கச் சொல்வது வேறு. டாக்டர்கள் கேட்டது இரண்டாவது.

சமரசம் யாருக்கு லாபம்?

ஏப்ரல் 4-ம் தேதி ஒப்பந்தம் ஆனது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடம் சலுகை விலையில் நிலமோ கட்டடமோ வாங்காத தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு. தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசு நிலத்தில் நிற்பவை, அரசுடன் கூட்டாக நடப்பவை மட்டும் உள்ளே.

அரசிடம் சலுகை வாங்கியவர் திருப்பிச் செய்யட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பு கடித்தவர் முதலில் போய் நிற்பது பக்கத்து ஊரில் உள்ள சின்ன மருத்துவமனையில். அதுதான் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆக, பில் பழையபடி நோயாளியின் குடும்பத்தின் தலையில்.

தமிழ்நாட்டில் எப்படி?

தமிழ்நாட்டில் இப்படி ஒரு உரிமைச் சட்டம் இல்லை. ஆனால் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் கணக்கு முன்கூட்டியே போடப்பட்டது. சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம், 81 சிகிச்சை முறைகள், தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் தனக்கு என்ன வரும் என்பது தெரியும். விபத்து தவிர மற்ற அவசரங்கள் இதில் வராது என்பதையும் சொல்ல வேண்டும்.

ராஜஸ்தானில் அந்தக் கணக்கை விதிகளில்தான் எழுத வேண்டியிருந்தது. மசோதா நிறைவேறிய பிறகு வந்த விலக்குகளும் சட்டத்தின் வாசகத்தில் இல்லை, ஒப்பந்தத் தாளில்தான் இருந்தன. ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. டிசம்பரில் ஆட்சி மாறி பா.ஜ.க. வந்தது. அதுவரை விதிகள் எழுதப்படவில்லை.