விலை குறிக்கப்படாத மருந்து

மருந்தின் விலையை உறுதிசெய்வது நோயின் கொடுமையன்று, கொள்வோரின் கைப்பொருளே என்பதற்கு ஐவர்மெக்டின் வரலாறு சான்றாகும். யப்பானிய அறிஞர் ஒமுரா மண்ணிற் கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து அமெரிக்க மேர்க் கம்பனியார் அதனை ஆக்கினர். 1981ஆம் ஆண்டு கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்து பெரும்பொருள் ஈட்டிற்று. ஆபிரிக்க ஆற்றங்கரை மக்களைக் குருடாக்கும் புழுநோயையும் அது தணிக்கும் என்பதை, அக்கம்பனியின் மருத்துவர் முகம்மது அசீஸ் செனகலிற் செய்த ஆய்வு காட்டிற்று. ஆயினும் அம்மக்களும் அவர்தம் அரசுகளும் அதனை விலைகொடுத்து வாங்க வல்லராயிருந்திலர். ஈற்றில், தேவையுள்ள காலமெல்லாம் இலவசமாக வழங்குவதெனக் கம்பனித் தலைவர் வாஜலோஸ் 1987இல் அறிவித்தார்.

இக்கொடை போற்றத்தக்கதே. எனினும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயன்படாத மருந்தாயின், ஏழையின் கண்ணுக்காக மட்டும் அது ஆக்கப்பட்டிருக்குமோ என்பது சிந்தித்தற்குரியது.