தரைக்கு அடியில் தேய்மானம்!

2019-ம் வருஷம், மார்ச் மாதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நெமிலி என்றொரு கிராமம். அங்கே ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யப் போய், விஷவாயு தாக்கி மயங்கினார்கள். காப்பாற்றப் போனவர்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளேயே சாய்ந்தார்கள். மொத்தம் ஆறு பேர் பலி. அந்த ஆறு பேரில் வீட்டு உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு!

'செப்டிக் டேங்க் சாவு' என்றாலே யாரோ ஒரு கூலித் தொழிலாளி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நெமிலி அந்த நினைப்பில் சம்மட்டியால் அடித்தது.

வீட்டுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயைப் பற்றி நாம் ஏன் யோசிப்பதே இல்லை? கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம். வீடு கட்டும்போது டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவோம். குழாயைக் கொத்தனாரின் பொறுப்பில் விட்டுவிடுவோம். பி.காம். படித்த காலத்தில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் வரும். எந்தச் சொத்தும் வாங்கிய நாளிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது, அதை வருஷா வருஷம் கணக்கில் எழுது என்பார்கள். இருசக்கர வாகனத்துக்குக்கூட மனசுக்குள் அந்தக் கணக்குப் போடுகிற நாம், தரைக்கு அடியில் கிடக்கும் குழாய்க்குப் போடுவதில்லை. அதனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு லண்டன் ஒரு பயங்கரமான பதிலைச் சொல்லியிருக்கிறது.

1854, ஆகஸ்ட் மாதக் கடைசி. லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் ஸ்ட்ரீட்டைச் சுற்றி திடீரென்று காலரா. சில வாரங்களில் 616 பேர் காலி! ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, அந்தத் தெருவின் அடிபம்பு தண்ணீர்தான் எமன் என்று கண்டுபிடித்தார். செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத பாதி அடுத்த வருஷம் நடந்தது. பம்புக்கு எதிரே இருந்த 40-ம் நம்பர் வீட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நோய் கண்டு இறந்துபோன ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுக்குழியில்தான் கொட்டியிருந்தார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. குழியின் செங்கல் சுவரும் வடிகாலும் இற்றுப்போய், கழிவு மண்ணில் கசிந்து கிணற்றில் இறங்கியிருந்தது. ஆமாம்... ஒரு தனியார் வீட்டின் பழுதான வடிகால்! அதைச் சரிசெய்ய எத்தனை பவுண்டு ஆகியிருக்கும்? நிச்சயமாக 616 உயிர்களின் விலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1815 வரை லண்டனில் வீட்டுக் கழிப்பறைக் கழிவைத் தெருச் சாக்கடையில் விடுவது சட்டப்படி குற்றம். 1848-க்குப் பிறகோ அதுவே கட்டாயம் ஆனது. விளைவு, எல்லோருடைய கழிவும் தேம்ஸ் நதியில்! 1858 கோடையில் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் பிரமாண்டமான பாதாளச் சாக்கடையைக் கட்டினார்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். மெட்ராஸ் நகரத்துக்கான பாதாளச் சாக்கடை 1910-ல் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. ஐம்பது வருஷம் முன்னால் பார்த்த தொலைநோக்கு, பாராட்டலாம்! ஆனால், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெட்ராஸில் இருந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர்.

இதே தப்பைத்தான் இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் வீட்டு அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

ராமானுஜர் அவதரித்த ஊர், சுற்றிலும் ஏரிப் பாசனம். அப்படி இருந்த பூமியில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ உருண்டு வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியும் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான். பிறகு லாரி, புல்லட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்தவர்கள் எங்கே தங்குவார்கள்? நெல் வயலை விற்றவர்கள் மாடி கட்டினார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு என்று போட்ட வீட்டில் மேலே இரண்டு தளம் ஏற்றி, அறைக்கு நாலு பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு விட்டார்கள். மாடி உயர்ந்தது, வாடகை உயர்ந்தது. தரைக்கு அடியில் போட்ட நாலு அங்குலக் குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது!

தொழிலாளர்களுக்கு என்றே திட்டமிட்டுக் கட்டிய இடமும் இங்கே உண்டு. வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. அத்தனை பேருக்கு என்று கணக்குப் போட்டு அங்கே குழாய் இறக்க முடியும். தனிவீட்டுக்காரர் என்ன செய்வது?

முதலில், எது உங்கள் குழாய் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள இடத்தில், வீட்டுக்குள் இருந்து கடைசி சேம்பர் வரைக்கும் உங்கள் பொறுப்பு. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் குழாய், செப்டிக் டேங்க் எல்லாமே உங்கள் தலையில்தான். இங்கிலாந்தில் 2011 அக்டோபரில், பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்களைத் தண்ணீர் கம்பெனிகளே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்தது, செலவு. குழாய் மாற்றுவதில் குழாயின் விலைதான் பெரும்பாலும் சின்னத் தொகை. தோண்டுவது, டைல்ஸை உடைப்பது, மறுபடி பூசுவது, தெருவை வெட்டினால் அனுமதிக் கட்டணம், ரோட்டைப் பழையபடி போடும் செலவு... இதெல்லாம்தான் பில்லை ஏற்றும். அதனால் 'மொத்தமா இவ்வளவு சார்' என்று சொல்பவரிடம் தலையாட்டாதீர்கள். குழாய், தோண்டும் கூலி, சேம்பர், பூச்சு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரே இடத்தில்தான் அடைப்பு என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பல இடத்தில் இணைப்பு விட்டிருந்தால் மொத்தமாக மாற்றிவிடுவதே மிச்சம். எப்படியும் தோண்டும் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாமே!

பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் பைப் இருக்கும். சுட்ட களிமண்ணில் செய்தது. குழாய் நல்லா உழைக்கும், இணைப்பில் வைத்த சிமெண்ட் கலவைதான் விரிசல் விடும். அந்த விரிசலில் மரத்தின் வேர் நுழையும். சிமெண்ட் பைப்புக்கு வேறு எதிரி. கழிவில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றி, மேல்பக்கத்தை அரித்துவிடும். நெமிலி மாதிரி இடங்களில் ஆளை வீழ்த்துவதும் இந்த வகை வாயுக்கள்தான்.

சரிவும் முக்கியம். நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓர் அடி என்பது பழைய கணக்கு. ரோட்டை மேல் மேலாகப் போட்டு, வீடு பள்ளத்துக்குப் போன தெருக்களில் இந்தச் சரிவு கிடைக்காது. எனவே, குழாய் வாங்கும் முன் மட்டம் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சேம்பர் வையுங்கள். மண்ணை மூடும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை எங்கே தோண்டுவது என்று தடுமாற மாட்டான்.

கடைசியாக, சட்டம். 2013-ல் வந்த சட்டப்படி சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். 'எவரும்' என்றுதான் சட்டம் சொல்கிறது. அதில் நீங்களும் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த லாரி கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் போய்ச் சேரும் இடம் செம்பரம்பாக்கம். அது சென்னையின் குடிநீர். பிராட் ஸ்ட்ரீட்டில் குழிக்கும் கிணற்றுக்கும் மூன்று அடி. இங்கே சில கிலோமீட்டர், அவ்வளவுதான்.

மாத வாடகையில் ஒரு சின்னத் தொகையைக் குழாய்க் கணக்கு என்று ஒதுக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் சேம்பர் மூடியைத் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். தண்ணீர் ஓடினால் சந்தோஷம். தேங்கி நின்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே யாரையும் இறக்காதீர்கள்... நீங்களும் இறங்காதீர்கள்!