இரவலின் குலமும் கோத்திரமும்

பம்பாய் மாட்டுங்கா கிழக்கில் அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி வந்தால் அதற்குக் கடன் என்று பெயர். மாதக் கடைசியில் பத்து ரூபாய் வாங்கினால் கைமாற்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தை வாங்கி வந்தால் மட்டும் அது இரவல். திருப்பித் தருகிற சர்க்கரை வேறு சர்க்கரை, நோட்டும் வேறு நோட்டு. இரவலாக வந்த பொருளோ வந்த உருவிலேயே, வந்த ஏடுகள் அத்தனையோடும் திரும்பிச் சென்றாக வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய நகை, நவராத்திரிக்கு வாங்கிய பட்டுப் புடவை, பாயசம் வைக்க வாங்கிய வெண்கல உருளி, நாவல் ஆகிய யாவும் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. தர்ம சாஸ்திரக்காரர்களும் வழக்கறிஞர்களும் தனித்தனியே விதி எழுதிப் பிரித்துக் காட்டும் இந்தப் பேதத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் எந்த நூலையும் புரட்டாமல், பேச்சுவழக்கிலேயே பிசகின்றிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

இச்சொல்லின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால், புத்தகப் பிரியர்களுக்கு அவ்வளவு உவப்பில்லாத ஓரிடத்தில் போய் நிற்க நேரிடுகிறது. ‘இர’ என்னும் வினையடிக்கு யாசித்தல் என்பதே பொருள். புறநானூற்றில் வள்ளல்களின் வாயிலில் கிணையும் யாழும் ஏந்தி வந்து நிற்கும் இரவலர்களும், பாதி படித்த நாவலின் மீதியைத் தேடிக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களும் சொல்லளவில் தாயாதிகளே. வள்ளுவர் ‘இரவு’ என்று 106ஆம் அதிகாரத்தை வகுத்து, ஒளிக்காமல் கொடுக்கக்கூடியவரிடம் கேட்பதற்கு ஓரளவு இடங்கொடுத்துவிட்டு, அந்த இடங்கொடுத்தலும் அதிகமாகிவிட்டதோ என்று எண்ணினார் போலும், அடுத்தபடியே ‘இரவச்சம்’ என்று இன்னோர் அதிகாரத்தால் அதன் வாசற்கதவைச் சாத்துகிறார். வடமொழியிலும் கதை இதுவே. ‘யாச்’ என்ற தாதுவிலிருந்து பிறந்த யாசித்தலோடு, கேட்டு வாங்கிவந்த பொருளைக் குறிக்கும் ‘யாசிதகம்’ என்ற பதமும் அங்கே உண்டு. அது உண்டாகும் வழியைப் பாணினி சூத்திரமாகச் செய்து வைத்திருக்கிறார். கௌடில்யரோ அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில், அடைக்கலப் பொருளைப் பற்றிப் பேசி வருகையில், யாசிதகத்தை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறார். இரண்டு பெரிய பாஷைகளும் இரவற் பொருளுக்குப் பெயரிடும்போது, கொடுத்தவனின் தயாளத்தையோ திருப்புகிறவனின் யோக்கியதையையோ கருதாமல், கேட்ட அந்த ஒரு கணத்தையே பிடித்துக்கொண்டு பெயரிட்டன என்பது யோசிக்கத்தக்கது.

கேட்டல் என்றால் தாழ்வு என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டியதில்லை. சொல்லதிகாரத்து எச்சவியலில் தொல்காப்பியர், இரவுக்குரிய சொற்கள் ஈ, தா, கொடு என மூன்றென்றும், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடத்து ‘ஈ’ என்றும், ஒத்தோன் ஒத்தோனிடத்துத் ‘தா’ என்றும், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடத்துக் ‘கொடு’ என்றும் சொல்லுவான் என்றும் வரையறுக்கிறார். உயர்ந்தோனும் இரப்பான், நிகரானவனும் இரப்பான் என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட பிறகு, யாசகத்தின் இழிவு முழுவதையும் இச்சொல்லின் தலையில் கட்டுவது நியாயமாகாது. மாடி வீட்டு மாமி கீழ் வீட்டு மாமியிடம், “அந்த மூணாம் பாகத்தைத் தாங்கோளேன், ரெண்டே நாள்ல முடிச்சுடறேன்” என்று கேட்டபோது, நடுவிலுள்ள அந்தத் ‘தா’ தொல்காப்பிய விதிக்கு அணுவளவும் மாறுபடாமல் நின்றது. இரண்டு நாளில் முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாட்டுங்காவில் இச்சொல்லுக்கு உறவினர்களும் அருகிலேயே குடியிருந்தார்கள். 1898இல் ஏற்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் திட்டமிட்டு வகுத்த இந்தப் பகுதிக்கு, ரயில்வேயிலும் வர்த்தகக் கம்பெனிகளிலும் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் வந்த தஞ்சாவூர்க்காரர்களும் பாலக்காட்டார்களும், சிற்றுண்டிச்சாலை வைக்க வந்த உடுப்பிக்காரர்களும், மலையாளிகளும், தெலுங்கரும் வந்து சேர்ந்து, 1923இல் ஆஸ்திக சமாஜத்தையும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் உண்டாக்கிக்கொண்டு ஓர் ஊராகவே அமைந்தார்கள். மலையாளத்தில் இரவல் இரவலாகவே இருக்கிறது, கன்னடத்தில் அது ‘எரவலு’, தெலுங்கில் ‘எரவு’. ஒரே கட்டடத்தின் நான்கு வாசல்களில் நான்கு பாஷைக்காரர்கள் கேட்டாலும் சொல் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலித்திருக்கும். மராத்தி மட்டும் வேறு வழி. மராத்திக்காரர்களுடைய ‘உஸ்னா’ பணத்துக்கும் பண்டத்துக்கும் பொதுவானது. நம்முடைய கைமாற்றுக்கு அவர்கள் ‘ஹாத்உஸ்னா’ என்பார்கள்.

சொல் இவ்வளவு பழமையானதாயினும் பொருள் காலத்துக்குத் தக்கபடி மாறி வந்திருக்கிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் நூலை இரவல் தருவதென்றால், அது பெரும்பாலும் பிரதி எழுதிக்கொள்ளத் தருவதேயாகும். கும்பகோணத்தில் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கொடுத்த சீவகசிந்தாமணிப் பிரதியிலிருந்தல்லவா உ. வே. சாமிநாதையரின் பதிப்பு முயற்சி தொடங்கிற்று? பின்னர் ஊர் ஊராகச் சென்று கேட்டு வாங்கிய ஏடுகளை ஒப்புநோக்கி, 1887இல் அந்தக் காவியத்தை அவர் அச்சிட்டார். நம்முடைய பழந்தமிழ்ப் பதிப்புகளில் இரவலின் துணையின்றி வெளிவந்தவை மிகச் சிலவே என்று தயங்காமல் சொல்லலாம்.

அச்சுக் காலத்தில் இரவலுக்கு உரிய பண்டமாக வந்து வாய்த்தது ‘பைண்டு’. 1950 அக்டோபர் இறுதியில் ‘கல்கி’ வாரப் பத்திரிகையில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை ஆண்டுக்காலம் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை, சந்தாதாரர்கள் வாரந்தோறும் ஊசியால் கம்பியை நெகிழ்த்தி, பக்கம் கிழியாமல் பிரித்தெடுத்து, பாகம் முடிந்தவுடன் பைண்டருடைய கையில் ஒப்படைத்தார்கள். காலிகோ முதுகும், நீர்க்கோலம் போட்ட காகித அட்டையும், மைதாப் பசையின் மணமும் கொண்டு அது திரும்பி வரும். பைண்டரின் கத்தி ஓரத்து எழுத்துக்களைச் சில இடங்களில் தின்றிருக்கும். ஆகவே வந்தியத்தேவனுடைய பேச்சில் முதலெழுத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அத்தியாயத்தின் பின்புறத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கும், தலைவலித் தைல விளம்பரமும், யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தியும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சிறுகதையின் ஆரம்பம் எதுவென்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. மணியம் வரைந்த சித்திரங்களோ எல்லாவற்றிலும் மேலானவை; நந்தினியின் முகத்தை முதலில் வாசகர் கண்டது அவருடைய கோட்டில்தான்.

இந்தப் பைண்டுகள் மாட்டுங்காவிலிருந்து சயானுக்கும் தாராவிக்கும், பின்னர் குடும்பங்கள் பெயர்ந்துபோன செம்பூருக்கும் கைமாறிக் கைமாறிச் சென்றன. முதற்பக்கத்தில் பவுண்டன் பேனாவால் சொந்தக்காரர் பெயர். அதன் கீழே, படித்தவுடன் திருப்பித் தருமாறு ஒரு விண்ணப்பம். உள்ளே அடையாளத்துக்குச் செருகிய மணியார்டர் ரசீது. பழுவேட்டரையர் வரும் பக்கத்தில் காப்பி டம்ளரின் வட்டம். வீட்டுக்கு வீடு காத்திருப்போர் வரிசையும் உண்டு; அடுத்த முறை யாருக்கு என்பது கோயில் உபன்னியாசத்துக்கு வந்த இடத்தில் நிச்சயிக்கப்படும். கதையின் முடிவை முன்பே சொல்லிவிடுகிறவளுக்கு வரிசையில் இடம் பின்தள்ளப்படுவதும் உண்டு. மிக நியாயமான தண்டனை!

இரவலுக்குப் போட்டியாக வந்த சொல் ‘ஓசி’. கம்பெனி அரசாங்கத்துத் தபாலில் குத்திய ஓ.சி.எஸ். என்ற முத்திரையிலிருந்து அது வந்தது என்பார்கள். அந்த உற்பத்தி எப்படியிருப்பினும், ஓசியில் திருப்பித் தரும் எண்ணமே கிடையாது; ஆகவே புத்தகத்துக்கு அது ஆகாத சொல். கை மாறிப்போன புத்தகம் போனதுதான், வந்தாலும் சிதைந்தே வரும் என்று புலம்புகிற ஒரு சம்ஸ்கிருத சுபாஷிதம், இரவல் எங்கே ஓசியாக நழுவுகிறது என்பதை அறிந்த ஒருவர் மனம் நொந்து பாடியதாகவே இருக்க வேண்டும். யாசகத்தில் பிறந்த ஒரு சொல்லைச் சிநேகத்துக்குரியதாக உயர்த்தியது திருப்பிக் கொடுத்தல் என்ற ஒரே கடமைதான் என்பது என் துணிபு. அது போனால் சொல் மறுபடியும் தன் பழைய வாயிலில் போய்த்தான் நிற்கும்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் மலிவாக அச்சிட்டுவிட்டன, இன்று அதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் முதல் முறை வெளிவந்தபோது பிரித்தெடுத்த அந்த ஏடுகள் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. செம்பூரிலோ தாராவியிலோ அல்லது சென்னைக்கே திரும்பிப்போன வீட்டின் பரணிலோ, மற்ற நான்கு பாகங்களும் இல்லாமல் மூன்றாம் பாகமாகிய ‘கொலை வாள்’ மட்டும் தனியே கிடந்து, அதன் முதற்பக்கத்தில் வேறொருவர் பெயர் எழுதியிருக்கக் கண்டால், வாசகர்கள் தயவுசெய்து அந்தப் பெயருக்குரியவரின் பேரப்பிள்ளைகளையாவது விசாரித்து அதைச் சேர்ப்பித்துவிட வேண்டும்.