பதினெட்டு நாள் ஆட்டம்

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நமக்கு வாய் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம் கொடுத்த பட்டம் அது. ஊர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால், அந்த அசல் மான்செஸ்டரிலும் அதைச் சுற்றியுள்ள லங்காஷயர் சீமையிலும் நூலையும் துணியையும் தவிர வேறு என்ன விளைந்தது என்று நாம் விசாரிப்பதில்லை. நான் அப்படி விசாரிக்கப் போய், 1888 என்ற வருஷத்தில் வந்து நின்றேன்.

அந்த வருஷத்தில்தான் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். ஸ்டேன்ஸ் மில் என்றால் இன்றைக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதே 1888-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மான்செஸ்டர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் சில கால்பந்து கிளப்புக்காரர்கள் கூடினார்கள். கூடி, உலகத்தின் முதல் கால்பந்து லீகை ஏற்படுத்திவிட்டுக் கலைந்தார்கள். அதற்கு யோசனை சொன்னவர் வில்லியம் மக்ரெகர் என்பவர். அவர் பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் அல்ல. பர்மிங்ஹாம் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர்!

துணிக்கடைக்காரருக்கு ஏன் இந்த யோசனை தோன்றியது என்பதைக் கடைத்தெருவோடு பழக்கம் உள்ள யாரும் புரிந்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் கால்பந்துப் பந்தயங்கள் நினைத்தால் நடக்கும், நினைக்காவிட்டால் நடக்காது. ஒரு கோஷ்டியை வரச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். டிக்கெட் வாங்க ஜனங்களும் வந்திருப்பார்கள். எதிர்க் கோஷ்டி மட்டும் வராது. இன்றைக்குத் திறந்து நாளைக்கு மூடும் கடையில் யார் துணி எடுப்பார்கள்? ஆகவே, பன்னிரண்டு கிளப்புகள் ஒன்று சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றப் பதினொன்றோடும் சொந்த ஊரில் ஒரு தரமும் எதிராளியின் ஊரில் ஒரு தரமுமாக 22 ஆட்டம் ஆடியே தீர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். லீக் என்பதன் சாரம் அவ்வளவுதான். கோப்பையும் பட்டமும் அப்புறம். அடுத்த ஆட்டம் எந்தத் தேதி, எந்த மைதானத்தில் என்று ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த முதல் லீகில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜயித்தது, மான்செஸ்டரிலிருந்து சுமார் 30 மைல் தூரத்திலுள்ள பிரஸ்டன் என்ற பஞ்சாலை ஊரின் கோஷ்டி.

இந்தப் பிரஸ்டன் ஊரை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. நான் சொல்ல வந்த கதையின் கதாநாயகிகள் அங்கேதான் முதலில் வருகிறார்கள்.

முதல் உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால், ஆலைகளில் குண்டு செய்யும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். பிரஸ்டனில் டிக் கெர் என்ற கம்பெனியில் வேலை செய்த பெண்கள் இடைவேளையில் பந்தை உதைத்துப் பழகி, 1917-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஊர் மைதானத்தில் பந்தயமே ஆடினார்கள். வேடிக்கை பார்க்கச் சுமார் பதினாயிரம் பேர் வந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1920 டிசம்பர் 26-ஆம் தேதி, லிவர்பூலில் இதே டிக் கெர் பெண்களுக்கும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுக்கும் நடந்த ஆட்டத்துக்குக் கூடிய கூட்டம் 53,000! இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் வேறு பல ஆயிரம். அன்றைக்கு வசூலான மூவாயிரம் பவுனுக்கு மேற்பட்ட பணம் தர்ம காரியத்துக்குப் போயிற்று.

இவ்வளவு ஜனங்கள் கூடினால் பெரியவர்களுக்குக் கவலை வராமல் இருக்குமா? 1921 டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கூடியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு அல்ல என்று அபிப்பிராயம் தெரிவித்து, வசூல் கணக்கிலும் கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, ஒரு தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். பெண்கள் ஆடக் கூடாது என்று அது சொல்லவில்லை. சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் எவையும் பெண்களுக்குத் தங்கள் மைதானத்தைக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிற்று. காலைக் கட்டவில்லை, காலுக்குக் கீழே இருந்த தரையை எடுத்துவிட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1971-இல். நடுவே ஐம்பது வருஷம்! டிக் கெர் பெண்கள் வயல்வெளிகளிலும் பூங்காக்களிலும் 1965 வரையில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 53,000 பேர் உட்காரும் வயல்வெளி எங்கே இருக்கிறது?

நம் தேசத்தில் இப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கோயமுத்தூரைச் சுற்றிப் புகைபோக்கிகள் முளைத்தபோது, இங்கேயும் பெண்கள் தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டு மில் வேலைக்குப் போனார்கள். சங்கு ஊதியதும் அவர்கள் திரும்பிய இடத்தில் காத்திருந்தது மைதானம் அல்ல, அடுப்பு. அடுப்பு இருக்கும்போது தீர்மானம் எதற்கு?

அப்படியும் ஆட்டம் முளைத்தது. 1975-இல் பெண்கள் கால்பந்துக்கென்று தேசத்தில் தனிச் சம்மேளனம் ஏற்பட்டது. 1980 ஜனவரியில், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் கோழிக்கோட்டில், ஆசியப் பெண்கள் பந்தயமே நடந்தது. நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரையில் போய், தைவானிடம் இரண்டு கோல் கணக்கில் தோற்றார்கள். 1983-இல் மறுபடியும் இரண்டாம் இடம். ஆனால் தேசிய லீக் என்று ஒன்று அவர்களுக்கு ஏற்பட 2016-17 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. மான்செஸ்டர் ஹோட்டல் கூட்டத்துக்கும் அதற்கும் இடையே 128 வருஷங்கள்.

இனி 2019-ஆம் வருஷத்துக்கு வருகிறேன். அந்த வருஷத்தில் இரண்டு தேசிய லீக் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒன்றை ஊரே பார்த்தது. மற்றொன்றைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் படிப்பவர்கள் பார்த்தார்கள்.

ஊர் பார்த்தது ஆண்களின் ஐ-லீக். சென்னை சிட்டி என்ற கோஷ்டிக்குப் பெயர்தான் சென்னையே தவிர, சொந்த மைதானமாக இருந்தது கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். 2018 அக்டோபர் கடைசியில் தொடங்கிய லீக் 2019 மார்ச் 9-ஆம் தேதி முடிந்தது. பதினொரு கோஷ்டிகள், தலைக்கு இருபது ஆட்டம். கடைசி நாளன்று சென்னை சிட்டி ஜயித்தே ஆக வேண்டும். தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் பட்டம் போய்விடும் என்ற நிலைமை. பஞ்சாபிலிருந்து வந்த மினர்வா கோஷ்டி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தது. பின்பாதியில் பெத்ரோ மான்ஸி ஒன்றும் கௌரவ் போரா இரண்டுமாகப் போட்டு, 3-1 என்று ஆட்டம் முடிந்தது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு புள்ளியில் பட்டம்!

இதற்குப் பத்து வாரம் கழித்து, மே 22-ஆம் தேதி, பஞ்சாபில் லுதியானா நகரத்து குரு நானக் ஸ்டேடியத்தில், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. கோஷ்டியின் பெண்கள் மணிப்பூர் போலீஸ் கோஷ்டியைத் தோற்கடித்துத் தேசிய லீக் பட்டத்தை வென்றார்கள். அங்கேயும் 3-1. கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்த அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்தான். மணிப்பூரைத் தோற்கடிப்பது இலேசான காரியம் அல்ல. அம்மாக்களின் சந்தை என்று இம்பாலில் ஒரு கடைத்தெருவையே பெண்கள் நடத்தும் பிரதேசம் அது. பெண்கள் கால்பந்தில் வெகுகாலம் அதற்கு நிகர் இல்லாமல் இருந்தது.

இந்த இரண்டு பட்டங்களையும் பற்றி எங்கள் தெருவில் இருக்கும், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பேரனை அழைத்துக்கொண்டு நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனவர். மான்ஸியின் பெயர் அவருக்கு அத்துபடி. மதுரைப் பெண்களின் ஜயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, புள்ளைங்க ஆடுறது நல்லதுதானுங்க. ஆனா எத்தனை நாளைக்குங்க ஆடுவாங்க?”

கலியாணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார் என்பது தெரிந்தது.

“பதினெட்டு நாளைக்கு, அண்ணா” என்றேன்.

அவர் நான் பரிகாசம் செய்வதாக நினைத்தார். பரிகாசம் அல்ல, கணக்கு. 2019 மே 5-ஆம் தேதி லுதியானாவில் அந்த லீகின் பிரதான சுற்று ஆரம்பித்தது. 22-ஆம் தேதி முடிந்துவிட்டது. பாரத யுத்தத்தைப் போல் சரியாகப் பதினெட்டு நாள்! இங்கேயும் மான்செஸ்டரைப் போலப் பன்னிரண்டு கோஷ்டிகள். ஆனால் அவற்றை ஆறு ஆறாக இரண்டு பிரிவு செய்து, பிரிவுக்குள் ஐந்து ஆட்டம், அப்புறம் அரை இறுதி, அப்புறம் இறுதி என்று முடித்துவிட்டார்கள். அதாவது, துணிக்கடைக்காரரின் கணக்குப்படி 22 ஆட்டம் ஆடியிருக்க வேண்டிய இடத்தில், பட்டம் வென்றவர்கள் ஆடியது ஏழு. எல்லாம் ஒரே ஊரில், பஞ்சாபின் மே மாத வெயிலில். மதுரைக் கோஷ்டியை மதுரை பார்க்கவில்லை. மணிப்பூர்க் கோஷ்டியை மணிப்பூரும் பார்க்கவில்லை.

மேஸ்திரி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பதினெட்டு நாளைக்கு ஒரு மில்லு ஓடுச்சுன்னா எவன் வேலைக்கு வருவானுங்க?” என்றார். மில்லில் நாற்பது வருஷம் இருந்தவர் அல்லவா? விஷயத்தை நேராகப் பிடித்துவிட்டார்.

பெண் எத்தனை நாள் ஆடுவாள் என்று ஊர் கேட்கிறது. எத்தனை நாள் அவளுக்கு ஆட்டம் வைத்தோம் என்று ஊர் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. வருஷத்தில் மூன்று வாரத்துக்குக் குறைந்த வேலையை நம்பி எந்தத் தகப்பனார் பெண்ணை அனுப்புவார்? அனுப்பாவிட்டால், பெண்களுக்கு இதில் சிரத்தை இல்லை என்று சொல்லிவிடலாம். சிரத்தை இல்லாதவர்களுக்கு மைதானம் எதற்கு என்றும் கேட்டுவிடலாம். 1921-இல் தீர்மானம் போட்டுச் செய்த காரியத்தை, தீர்மானம் போடாமலே செய்து முடிக்கும் வழி இது.

சிரத்தை இல்லை என்பது பொய் என்பதற்குச் சேது கோஷ்டியில் ஆடியவர்களே சாட்சி. இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 2-1 என்று மணிப்பூரை ஜயித்து முதல் தடவையாகக் கோப்பையைக் கொண்டுவந்தபோது, அதில் ஒரு கோல் அவருடையது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்டங்கள் நின்றபோது, அவர் சென்னை வீதிகளில் காக்கி உடுப்போடு காவல் பணியில் இருந்தார். சந்தியா ரங்கநாதனும் கடலூர் ஜில்லாதான். அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து, அங்கே பந்தைக் கண்டு, தேச அணி வரையில் போனவர். ஒருவருக்குப் போலீஸ் உத்தியோகமும் மற்றவருக்கு விடுதியும் இருந்தன. இரண்டும் அகப்படாத பெண்களின் பெயர்களை நாம் அறியப் போவதில்லை.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 2022-இல் புவனேசுவரத்தில் பன்னிரண்டு கோஷ்டிகளும் ஒன்றோடொன்று மோதின. ஆளுக்குப் பதினொரு ஆட்டம். கடைசி ஆட்டத்தில் கேரளத்தின் கோகுலம் கோஷ்டியிடம் தோற்றுச் சேது இரண்டாவதாக வந்தது. 2023-24-இல்தான் முதல் தடவையாகச் சொந்த ஊரிலும் எதிராளி ஊரிலுமாக ஆடும் முறை வந்தது. கோஷ்டிகள் ஏழு, ஆட்டங்கள் பன்னிரண்டு, ஜயித்தது ஒடிஷா. 2024-25-இல் எட்டுக் கோஷ்டிகள், பதினான்கு ஆட்டங்கள், ஜயித்தது ஈஸ்ட் பெங்கால். ஏழு பதினான்காக ஏறி ஒரு வருஷம்கூட முடிவதற்குள், 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி நம் பெண்கள் அந்த இடத்தைச் சம்பாதித்தது அதுவே முதல் தடவை. காரணம் இது ஒன்றுதான் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பயிருக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தத்தை, கிணற்றுப் பாசனத்தில் வாழ்ந்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரே பார்த்த அந்தச் சென்னை சிட்டி கோஷ்டி 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் இல்லை. ஸ்டேடியம் இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டிய ஜனங்களும் இருக்கிறார்கள். பெண்கள் லீகின் ஆட்டங்களில் சிலவற்றை அங்கே வைத்தால் மேஸ்திரி தம் பேத்தியை அழைத்துக்கொண்டு வருவார் என்றே நம்புகிறேன். அவர் வர வேண்டுமானால் தேதி தெரிந்திருக்க வேண்டும். ஒரு தேதி போதாது. அதற்கு அடுத்த தேதியும் தெரிய வேண்டும். 1888-இல் அந்தத் துணிக்கடைக்காரர் கேட்டதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.