மடோனா: முதுமை மாற்றிய மதிப்பீடு



தமிழாசிரியை ஒருத்தி மேலைநாட்டுப் பாப் பாடகியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். வரலாறு மன்னர்களுக்கும் போர்களுக்கும் மட்டுமே உரியதன்று. ஒரு சமுதாயம் எதனைக் கண்டு முகம் சுளித்தது, பின்னர் எதனை ஏற்றுக்கொண்டது என்பதும் வரலாறுதான். அந்த வகையில் மடோனாவின் நாற்பதாண்டுக் கலைவாழ்வு நமக்குப் பலவற்றைக் கற்பிக்கிறது.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1993ஆம் ஆண்டில் மடோனா தமது உலகப் பயணத்தின்போது இங்கு நிகழ்ச்சி நடத்த அனுமதி கிடைக்கவில்லை. நிகழ்ச்சி ஆபாசமானது என்று காவல்துறை கருதியது. 2016 பிப்ரவரி 28ஆம் நாள் அதே மடோனா நம் தேசிய விளையாட்டரங்கில் பாடினார். அப்போதும் தடையற்ற வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. 18 வயது நிறைந்தோர்க்கு மட்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சமய உணர்வுகளைப் புண்படுத்தக்கூடிய பகுதி விலக்கப்பட்டது. கத்தோலிக்கப் பேராயரும் தம் மக்களுக்குக் கவலை தெரிவித்து அறிக்கை விடுத்தார். எனினும் கதவு திறந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் மாறியது மடோனாவா, நாமா?

என் கருத்தும் இதே காலத்தில்தான் மாறியது. 1993இல் நான் மாணவி. தொலைக்காட்சியில் அவர் தோன்றினால் அப்பா உடனே அலைவரிசையை மாற்றிவிடுவார். 'விளம்பரத்திற்காக எதையும் செய்பவர்' என்பதே எங்கள் வீட்டின் தீர்ப்பு. நாளிதழ்களில் எங்களுக்குக் கிட்டிய செய்திகளை வைத்துப் பார்த்தால் அத்தீர்ப்புக்குக் காரணங்கள் இருக்கவே செய்தன. பின்னாளில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, ஒரு மனிதரைப் பற்றி எழுதுமுன் காலவரிசையை முதலில் எழுது என்று எங்களுக்குக் கற்பித்தனர். மடோனாவுக்கும் அப்படியொரு காலவரிசையை எழுதிப் பார்த்தேன்.

ஒருவரின் குணங்களையும் குற்றங்களையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுதியானதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை காட்டிய வழி. அவ்வழியிலேயே செல்வோம்.

தாயின் பெயர்

மடோனா 1958 ஆகஸ்ட் 16ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டி என்னும் ஊரில் பிறந்தார். மடோனா என்பது புனைபெயர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவருடைய இயற்பெயர். அவருடைய தாயின் பெயரும் அதுவே. அத்தாய் 1963 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 30. மகளுக்கு வயது 5. தந்தை இத்தாலிய வழிவந்த பொறியாளர். கடுமையான கத்தோலிக்க ஒழுங்குடன் பிள்ளைகளை வளர்த்தவர்.

நடனத்திற்காக உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மடோனா, 1978இல் படிப்பை இடையில் விட்டுவிட்டு நியூயார்க் சென்றார். கையில் இருந்தது 35 டாலர் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். வாடகை கொடுப்பதற்காக ஓவிய மாணவர்களுக்கும் புகைப்படக் கலைஞர்களுக்கும் ஆடையின்றி நின்று வருவாய் தேடினார். 1982இல் முதல் இசைத்தட்டு வந்தது. 1984இல் எம்டிவி விருது மேடையில் வெள்ளைத் திருமண ஆடையுடன் தரையில் புரண்டு பாடியபோது, அவரது கலைவாழ்வு அத்துடன் முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

1985: வெட்கப்பட மறுத்தவர்

அடுத்த ஆண்டே வேறொரு சோதனை வந்தது. வறுமைக் காலத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படங்களை, எடுத்தவர்கள் ஆண்களுக்கான இரண்டு இதழ்களுக்கு விற்றுவிட்டார்கள். மடோனாவின் இசைவு கேட்கப்படவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு வேண்டும். 1984 ஜூலையில், அமெரிக்க அழகியாகத் தேர்வு பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான வனெசா வில்லியம்ஸ், இதேபோன்ற படங்கள் வெளியானதால் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. படத்தை விற்றவரும் பதிப்பித்தவரும் பணம் ஈட்டினர். படத்தில் இருந்த பெண் தலைகுனிந்து வெளியேறினார். அதுதான் அக்காலத்து நடைமுறை.

மடோனா அந்த நடைமுறைக்குக் கட்டுப்படவில்லை. தாம் வெட்கப்படவில்லை என்று அறிவித்தார். சில நாள்களில், 1985 ஜூலை 13ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக பிலடெல்பியாவில் நடந்த மாபெரும் இசைநிகழ்ச்சியில் கடும் வெயிலிலும் நீண்ட மேலங்கி அணிந்து வந்து, அதைக் கழற்றப்போவதில்லை என்று நகைச்சுவையாகக் கூறிவிட்டுப் பாடினார். வெட்கம் யாருக்கு உரியது என்ற கேள்வி அன்று இடம் மாறியது. இன்று பெண்களின் அந்தரங்கப் படங்களை அவர்கள் இசைவின்றிப் பரப்புவது சிங்கப்பூரில் தண்டனைக்குரிய குற்றம். பரப்பியவரே குற்றவாளி. 1985இல் இந்தத் தெளிவு உலகத்தில் அரிது.

1989: பாடலும் துண்டுத்தாளும்

1989இல் அவரது 'லைக் எ பிரேயர்' காணொளி வந்தது. எரியும் சிலுவைகளும் தேவாலயத்தில் உயிர்பெறும் கறுப்பினப் புனிதரும் அதில் காட்டப்பட்டதால் வத்திகன் கண்டித்தது. பெப்சி நிறுவனம் 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் எடுத்த விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. பணம் மடோனாவிடமே தங்கியது. நாங்கள் அறிந்த கதை இத்துடன் முடிந்தது.

அக்காணொளியின் கதையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளையர் சிலர் ஒரு பெண்ணைக் கொல்கின்றனர். உதவ வந்த கறுப்பின இளைஞர் கைதாகிறார். அதைக் கண்ட பெண் காவல் நிலையம் சென்று உண்மையைச் சொல்லி அவரை விடுவிக்கிறார். எரியும் சிலுவை அமெரிக்காவில் நிறவெறிக் கும்பலின் அடையாளம் என்பதை அறிந்தால்தான் அக்காட்சி விளங்கும்.

என் கருத்தை உண்மையில் அசைத்தது வேறொன்று. அந்த இசைத்தொகுப்பின் உறைக்குள் எய்ட்ஸ் நோய் பற்றிய உண்மைகளைக் கூறும் துண்டுத்தாள் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நோய் எப்படிப் பரவும், எப்படித் தடுப்பது என்று எளிய மொழியில் அது விளக்கியது. அது எத்தகைய காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க அதிபர் ரேகன் அந்நோய் பற்றித் தமது முதல் பெரிய உரையை ஆற்றியதே 1987 மே மாதத்தில்தான். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டிருந்தனர். நோயுற்றோரின் கையைத் தொடவும் மக்கள் அஞ்சினர். மடோனாவின் நெருங்கிய நண்பர் ஒருவர் 1986இல் எய்ட்ஸால் இறந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் அந்நோய் ஆராய்ச்சிக்காக அவர் நிதிதிரட்டும் நிகழ்ச்சி நடத்தினார். அவருக்கு நடனம் கற்பித்த ஆசிரியரும் 1990இல் அதே நோய்க்குப் பலியானார்.

வகுப்பறையில் சொல்லக் கூசும் செய்தியைப் பல நாட்டு இளையர்களின் கைக்கு ஒரு பாப் இசைத்தொகுப்பு கொண்டு சேர்த்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இதன் அருமை தெரியும்.

குற்றமும் நாடுவோம்

புகழுரை மட்டுமே எழுதினால் அது வரலாறு ஆகாது. 1992இல் அவர் வெளியிட்ட படநூலைப் பற்றிய என் கருத்து இன்றும் மாறவில்லை. சொந்த விருப்பத்தைப் பொதுச் சந்தையில் அதிர்ச்சியாக விற்ற நூல் அது. அதன் பின்னணியில் 1993ஆம் ஆண்டு அனுமதி மறுப்பைப் புரிந்துகொள்ளலாம்.

1998இல் எம்டிவி விருது மேடையில் நெற்றியில் வைணவக் குறியுடன், உடல் தெரியும் மெல்லிய சட்டையில் ஆடியதை வைணவ அமைப்பு ஒன்று கண்டித்தது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. பிறர் வழிபாட்டுச் சின்னம் மேடை அலங்காரம் அன்று. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பெண்களுக்குப் பள்ளி கட்டுவதாகத் தொடங்கிய திட்டம், பெருந்தொகை செலவான பின்னர் 2011இல் கைவிடப்பட்டது. பள்ளி என்றால் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது வருத்தமாக உள்ளது. ஆயினும் அவர் அந்நாட்டை மறந்துவிடவில்லை. 2017 ஜூலையில் பிளான்டயர் நகரில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவமனை அவருடைய அறநிறுவனத்தின் முயற்சியால் திறக்கப்பட்டது. அந்நாட்டில் அத்தகைய மருத்துவமனை அதுவே முதலாவது.

'இந்த வயதில் இது தேவையா?'

இனி முதுமைக்கு வருவோம். மடோனாவின் இளமையில் எழுந்த குற்றச்சாட்டு, 'ஒரு பெண் இப்படிச் செய்யலாமா?' என்பது. ஐம்பதைக் கடந்ததும் அது, 'இந்த வயதில் இப்படிச் செய்யலாமா?' என்று மாறியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அவர் நடத்திய உலகப் பயணம் 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதுவரை எந்தப் பெண் கலைஞரும் எட்டாத தொகை அது. அப்போதும் செய்தியாளர்கள் சிலர் அவருடைய கைகளில் தெரிந்த நரம்புகளைப் பற்றி எழுதினர்.

2016 டிசம்பரில் பில்போர்டு இதழின் 'ஆண்டின் சிறந்த பெண்மணி' விருதைப் பெற்று ஆற்றிய உரையில், இசைத்துறையில் பெண் முதுமையடைவதே பாவமாகக் கருதப்படுகிறது என்றார். தாம் செய்தவற்றுள் மிகப் பெரிய சர்ச்சை, இன்னும் விலகாமல் நிற்பதே என்றும் கூறினார். 2023 பிப்ரவரியில் கிராமி விருது விழாவில் தோன்றியபோது உலகம் பேசியது அவர் பேச்சைப் பற்றியன்று, முகத்தைப் பற்றி. முதுமை தெரிந்தால் 'கிழவி' என்பார்கள். அதை மறைத்தால் 'செயற்கை' என்பார்கள். எது செய்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: ஒதுங்கிக்கொள்.

2024இல் மிக் ஜாகர் 80 வயதில் அமெரிக்கா முழுவதும் ஆடிப் பாடினார். எல்லாரும் அவருடைய உடல்வலிமையைப் பாராட்டினர், நானும் பாராட்டுகிறேன். அதே பாராட்டு 65 வயதுப் பெண்ணுக்கு ஏன் தயங்கித் தயங்கி வருகிறது?

இவ்விடத்தில்தான் காலவரிசை எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. இளமையில் 'மூடிக்கொள்' என்றதும் முதுமையில் 'விலகிக்கொள்' என்றதும் ஒரே கட்டளையின் இரண்டு பாதிகள். தன் உடல் எப்போது பார்வைக்கு வரலாம், எப்போது வரக்கூடாது என்பதைப் பிறர் முடிவு செய்வதை அவர் 26 வயதில் மறுத்தார். 65 வயதிலும் மறுத்தார். முன்னதை மட்டும் கண்டபோது எனக்கு அது விளம்பர உத்தியாகத் தெரிந்தது. வெறும் உத்தியாக இருந்திருந்தால், விலை போகாத காலத்தில் கைவிட்டிருப்பாரே! ஏளனமே கூலியாகக் கிடைத்தபோதும் அவர் கைவிடவில்லை என்பதால், அதனைக் கொள்கை என்று ஏற்க என் மனம் இசைகிறது.

2023 ஜூனில் கடுமையான கிருமித்தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர், அக்டோபரில் லண்டனில் மேடை ஏறினார். 2024 மே 4ஆம் நாள் பிரேசிலின் கோப்பகபானா கடற்கரையில் நிறைவு நிகழ்ச்சி இலவசமாக நடந்தது. 16 லட்சம் மக்கள் திரண்டதாக நகர நிர்வாகம் மதிப்பிட்டது. அந்தப் பயணம் முழுவதும் ஒரு பாடலின்போது எய்ட்ஸால் மறைந்தவர்களின் படங்கள் திரையில் காட்டப்பட்டன. 1989இல் துண்டுத்தாள் வைத்தவர் 35 ஆண்டுகளாகியும் நண்பர்களை மறக்கவில்லை.

என் மாணவர்களுக்கு மடோனாவின் பாடல்களை நான் போட்டுக் காட்டப் போவதில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல அவை. ஆனால், நாற்பதுகளில் இருக்கும் நானும் என் தோழியரும் அடிக்கடி கேட்கும் தொடர் ஒன்று உண்டு. ஆசிரியர் தின விழாவில் மூத்த ஆசிரியை ஒருவர் ஆட எழுந்தாலும், ஐம்பதில் ஒருவர் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாலும், 'இந்த வயதில் இது தேவையா?' என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். கேட்கும் உரிமை தங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மடோனாவைப் பற்றிய பேச்சு எழும்போது, இப்போதெல்லாம் நான் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன்.