சிறையில் பூத்த வேனில்

இளவேனிலும் காதல் திருமுகமும் தமிழிலக்கியத்தில் உடன்பிறந்தவை எனலாம். சிலப்பதிகாரத்து வேனிற்காதையில், பிரிந்து சென்ற கோவலனுக்கு மாதவி தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு கொண்டு எழுதுகிறாள். பித்திகை அரும்பே அவளுக்கு எழுதுகோல். வசந்தமாலை அதனைக் கொண்டு செல்கிறாள். கோவலனோ வாங்க மறுக்கிறான். அக்காப்பியத்தை ஆக்கிய இளங்கோவடிகளைச் சேர மரபினர் என்று பதிகம் கூறும். அந்தச் சேர நாட்டிலேயே, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், மற்றொரு காதற் கடிதம் எழுதப்பட்டது. முன்னது நம்மை அழ வைத்தது. பின்னது சிரிக்க வைத்தது. வைக்கம் முகம்மது பஷீர் இயற்றிய 'பிரேமலேகனம்' என்னும் மலையாளக் குறுநாவலையே குறிப்பிடுகிறோம்.

கதை மிகச் சிறிது. கேசவன் நாயர் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் இளைஞன். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள் சாராம்மா. படித்தவள், கிறிஸ்தவப் பெண், வேலையற்றவள். கேசவன் நாயர் அவளுக்குக் காதற் கடிதம் எழுதுகிறான். அவளுக்கு வேண்டியதோ வேலை. எங்கேனும் ஒரு வேலை பார்த்துத் தருமாறு அவனையே கேட்கிறாள். அவன் தரும் வேலை யாது? அவனைக் காதலிப்பதே வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு! அவளும் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொள்கிறாள்.

நகைச்சுவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்கண் பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இந்நான்கினையும் இக்கதையில் காணலாம். இளமை காதலர் இருவரிடத்தும் உண்டு. அன்புக்குச் சம்பளம் பேசுவது கேசவன் நாயரின் பேதைமை. அதனை உத்தியோகமாகவே ஏற்பது சாராம்மாவின் மடன். அவள் மடன் மெய்யோ நடிப்போ என்று துணிவதும் எளிதன்று. எஞ்சி நிற்பது எள்ளல். அஃது யாரை நோக்கியது என்று அறியாதவர் கதையில் பாதியையே படித்தவர் ஆவர். அதனை அறிய, கதை பிறந்த காலத்தை நோக்குதல் வேண்டும்.

1942ஆம் ஆண்டு பஷீர் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் இருந்தார். திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியைக் கண்டித்து எழுதியமைக்கு அவர் பெற்ற தண்டனை அது. உடனிருந்த கைதிகளை மகிழ்விக்க அவர் சிறையில் கதைகள் எழுதினார். அவற்றுள் ஒன்றே 'பிரேமலேகனம்'. அது 1943இல் நூலாக வெளிவந்தது. 1944இல் திருவிதாங்கூரில் தடை செய்யப்பட்டது. சிரிப்பூட்டும் ஒரு காதற் கதையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியதென்றால், அச்சிரிப்பினுள் ஏதோ ஒரு முள் இருந்திருத்தல் வேண்டும் அன்றோ?

அந்த முள் சீதனம் என்னும் வழக்கத்தைத் தைத்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது ஐந்தாயிரம் ரூபாய். இவற்றுள் எது குறைவோ அதுவே. சீதனம் கொடுத்தோ, கொடுப்பதாக வாக்களித்தோ விட்டால் அதுவும் இல்லை. ஆகவே சாராம்மாவைப் போன்ற பெண்ணுக்கு உரிமையாகக் கிடைக்கக்கூடியது சீதனம் ஒன்றே; அதுவும் அவள் கைக்கு வாராது, கணவன் வீட்டுக்கே போகும். இந்நிலையில் அவள் வேலை கேட்பது வேடிக்கையா? உலகம் பெண்ணைக் கொடுத்து உடன் பணமும் கொடுக்கிறது. கேசவன் நாயரோ அன்பைக் கேட்டுப் பணம் தருகிறான். வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டிய அளவிலேயே அதன் கேடு வெளிப்பட்டுவிடுகிறது. இதுவே பஷீரின் எள்ளல். அச்சட்டம் இனிச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டில்தான்.

வேலை கேட்பவரின் மனம் பஷீர் நன்கு அறிந்தது. 1930களின் பிற்பகுதியில் அவர் எறணாகுளத்தில் 'ஜயகேசரி' இதழாசிரியர் பத்மநாப பையிடம் வேலை கேட்டுச் சென்றார். வேலை இல்லை, கதை எழுதினால் பணம் தரலாம் என்றார் ஆசிரியர். அவ்வாறு பிறந்ததே அவருடைய முதற்கதையாகிய 'என்றெ தங்கம்'. வேலை கேட்டவருக்குக் கதை கிடைத்தது. அவர் படைத்த சாராம்மா வேலை கேட்டாள், அவளுக்குக் காதல் கிடைத்தது. பின்னாளில் அதே எறணாகுளத்தில் அவர் புத்தகக் கடை நடத்தியதையும் இந்நகரத்தார் அறிவர்.

நாம் வாழும் ஏலூருக்கும் இக்கதைக்கும் வியப்பான ஓர் உறவு உண்டு. எறணாகுளம் அந்நாளில் கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. பெரியாற்றங்கரை ஏலூரோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 'பிரேமலேகனம்' நூலான அதே 1943இல்தான் திருச்சிராப்பள்ளி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியாலும் திவானின் ஆதரவாலும் இங்கு உரத் தொழிற்சாலைக்கான நிறுவனம் தோன்றியது. ஒரே ஆட்சி ஒருபுறம் எழுத்தாளரைச் சிறையிலிட்டது. மறுபுறம் ஆலையைக் கட்டியது. ஆலை பல ஊர்களிலிருந்தும் மக்களை அழைத்தது. நம்மைப் போன்ற தமிழர் பலர் இவ்வூரை நாடி வந்தமைக்கும், இங்குப் பல மதத்தார் ஒரே சுவரை இடையிட்டுக் குடியிருப்பதற்கும் அதுவே தொடக்கம்.

கதையில் காதலர் இருவரும் பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்த மதம், என்ன பெயர் என்று நீண்ட வாதம் செய்கின்றனர். எந்த மதத்துக்கும் உரியதல்லாத பெயராக அவர்கள் கண்டது 'ஆகாசமிட்டாயி'. முதல் முறை படித்தபோது நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். சில ஆண்டுகளுக்குப் பின், நம்முடன் பணியாற்றிய ஓர் இளைஞர் வேற்று மதத்துப் பெண்ணை மணக்க முடிவு செய்தார். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்முப்பது நாளும் அலுவலகத்தில் பேச்சு வேறில்லை. சாட்சிக் கையெழுத்திட வருமாறு அவர் நம்மை அழைத்தார். பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று எண்ணி, காய்ச்சல் என்று சொல்லி நாம் போகவில்லை. புத்தகத்தில் கேசவன் நாயரைக் கைகொட்டி வரவேற்ற நாம், எதிர்மேசையில் அமர்ந்திருந்த கேசவன் நாயருக்கு ஒரு கையெழுத்தையும் தரவில்லை.

அதன்பின் மீண்டும் நூலை எடுத்தபோதே அதன் எள்ளல் நம்மையும் நோக்கியது என்பது விளங்கிற்று. சிறைச்சுவருக்குள் இருந்தவர் கற்பனையில் இரு மனங்களிடையே இருந்த சுவரைத் தகர்த்தார். வெளியே உரிமையோடு உலவிய நாமோ அச்சுவருக்கு மேலும் ஒரு கல் வைத்தோம். நல்ல நகைச்சுவை இலக்கியத்தை உணர்வதாவது, யார் நகைப்புக்கு உரியவர் என்று தேடித் தேடி இறுதியில் தம்மைக் காண்பதே போலும்.

அவ்விளைஞரின் வீட்டில் இன்று ஒரு பெண்குழந்தை இருக்கிறது. பெயர் சூட்டு விழாவுக்கும் அவர் நம்மை அழைத்தார், இம்முறை சென்றோம். குழந்தையின் பெயர் ஆகாசமிட்டாயி அன்று. ஆயினும் அதனைக் கேட்டு எந்த மதத்தினள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. நாமும் கேட்கவில்லை.